கிட்டாரின் பக்கத் துளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கிட்டார் பழுதுபார்க்கிறேன். மாலையில் சிலருக்குக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். சென்ற மாதம் தேவகோட்டையிலிருந்து ஓர் இளைஞர், தேவாலயப் பாடற்குழுவில் வாசிப்பவர், புத்தம் புதிய கிட்டாரை மேசையில் வைத்து, “சார், இதன் பக்கத்தில் ஒரு துளை போட்டுக் கொடுங்கள், சத்தம் கூடுமாமே” என்றார். அரை மணி நேரம் பேசிய பிறகு துளை போடாமலேயே எடுத்துச் சென்றார். அவரிடம் சொன்னதையும், அவருக்கு முன்னும் பின்னும் வந்து கேட்டவர்களிடம் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பக்கத் துளை என்றால் என்ன?

கிட்டாரின் முகப்பில், தந்திகளுக்குக் கீழே இருக்கும் வட்டமான ஒலித்துளை எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத் துளை என்பது அதோடு கூடுதலாக, பெட்டியின் பக்கப் பலகையில் வெட்டப்படும் சிறிய திறப்பு. பெரும்பாலும் அது வாசிப்பவரின் முகத்தைப் பார்க்கும் மேல் வளைவில், நெக் (விரல்களால் தந்தியை அழுத்தும் நீண்ட கழுத்து) பெட்டியோடு சேரும் இடத்துக்கும், பெட்டி ஒடுங்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும். வட்டம், முட்டை வடிவம், இலை வடிவம் என்று பலவிதமாக வெட்டுகிறார்கள். வடிவம் அழகுக்கானது, ஒலியைத் தீர்மானிப்பவை அளவும் இடமும்.

எதற்காக வெட்டுகிறார்கள்?

வாசிப்பவருக்குத் தன் கிட்டார் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதி தானே தீர்ந்துவிடும்.

வீணையை நினைத்துப் பாருங்கள். குடத்தின் மேற்பலகை வானத்தைப் பார்க்கிறது. வாசிப்பவரின் முகம் அதற்கு மேலே இருக்கிறது. காரைக்குடிச் சகோதரர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தவர். இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போலக் கிடத்தி வாசித்தார். வாத்தியத்தை வைக்கும் கோணம் மாறினால் வாசிப்பவரின் காதில் விழும் ஒலியும் மாறும். கிட்டாரில் இந்த விஷயம் வாசிப்பவருக்கு எதிராக அமைந்துவிட்டது. மேற்பலகையும் ஒலித்துளையும் எதிரே இருப்பவரைப் பார்க்கின்றன. வாசிப்பவர் பெட்டியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். கிட்டார் பெட்டியின் நீளமோ அரை மீட்டர்தான். அவ்வளவு பெரிய அலைக்கு இந்தப் பெட்டி ஒரு தடையே இல்லை. சுற்றி வளைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் போய்விடும். ஆனால் 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர். அது பெரும்பாலும் முன்னோக்கித்தான் போகும். தந்தியை மீட்டும்போது எழும் தெளிவு, நகம் படும் கூர்மை எல்லாம் இந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கின்றன. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அவை கிடைக்கின்றன. வாசிப்பவருக்குச் சற்று மங்கியே கேட்கும். பக்கத் துளை அந்தத் தெளிவில் ஒரு பங்கை நேராக அவர் முகத்துக்கு அனுப்புகிறது.

அப்படியானால் எதிரே இருப்பவர்களுக்குச் சத்தம் கூடாதா?

கூடாது. தந்தியிலிருந்து பெட்டிக்குப் போகும் சக்தி அதே அளவுதான். துளை புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை.

இதைக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் சோதித்துப் பார்த்தோம். முற்றத்தின் ஒரு பக்கம், தூணோரமாக நான் உட்கார்ந்து வாசித்தேன். என் மாணவர் பின்னால் நின்றுகொண்டு பக்கத் துளையை ஓர் அட்டையால் மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில் வீட்டு ஆச்சி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டார். எப்போது மாறுகிறதோ அப்போது கையைத் தூக்கச் சொல்லியிருந்தோம். எனக்கு ஒவ்வொரு முறையும் திரை விலகியது போலத் தெளிவாகத் தெரிந்தது. ஆச்சி ஒரு முறைகூடக் கையைத் தூக்கவில்லை. “எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கிறது தம்பி, நீ நன்றாகத்தான் வாசிக்கிறாய்” என்றார். அவர் சமையலறையில் தாளிக்கும் ஓசையை வைத்தே கடுகு தீய்ந்ததா இல்லையா என்று சொல்லக்கூடியவர்; காதில் குறையே கிடையாது.

வெறும் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் உள்ள அந்த மாதிரி இடத்தில் ஒலி பல முறை எதிரொலித்துக் கலந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணியும் மெத்தையும் நிறைந்த சிறிய அறையில், ஒரு மீட்டர் தொலைவில், கூர்ந்து கேட்பவருக்குச் சிறிய வித்தியாசம் தெரியலாம். அது சத்தம் கூடியதால் அல்ல, ஒலியின் நிறம் சற்று மாறியதால்.

பேஸ் குறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். பதிலும் சற்று நீளம்.

எங்கள் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரைக் கடம் உலகறிந்தது. கட வித்துவான் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து வைத்திருப்பார். “கும்” என்ற அடியோசையை எழுப்பும்போது வாயை வயிற்றிலிருந்து விலக்கியும் நெருக்கியும் அந்த ஓசையை ஏற்றி இறக்குவார். வாய் அகலத் திறந்தால் ஓசை மேலேறும், நெருக்கினால் கீழிறங்கும். பானைக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில் போலவும், வாயில் இருக்கும் காற்று அந்த வில்லில் கட்டிய எடை போலவும் அசைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்கிறார்கள்.

கிட்டாரும் ஒரு கடம்தான். நாம் வழக்கமாகப் பார்க்கும் பெரிய பெட்டிக் கிட்டார்களில் இந்தக் காற்று ஒத்ததிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். மிகத் தடித்த ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) 98 ஹெர்ட்ஸ். அங்கே வாசிக்கும்போது பெட்டி வீங்கி ஒலிப்பதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஒலித்துளைக்கு அருகில் வாயை வைத்து, அடிக்குரலில் “ம்ம்ம்” என்று மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் பெட்டி உங்களோடு சேர்ந்து முனகும். அதுதான் அந்தக் காற்று ஒத்ததிர்வின் சுருதி.

பக்கத்தில் இன்னொரு துளை போடுவது கடத்தின் வாயை இன்னும் கொஞ்சம் திறப்பதற்குச் சமம். அந்தச் சுருதி மேலே ஏறும். எவ்வளவு? பலரும் பரப்பளவை வைத்துக் கணக்கிட்டு ஏமாந்துபோகிறார்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒலித்துளையோடு ஒப்பிட்டால் 30 மில்லிமீட்டர் துளையின் பரப்பு வெறும் 9 விழுக்காடு. அதனால் ஒன்றும் ஆகாது என்பார்கள். ஆனால் மெல்லிய பலகையில் உள்ள துளை வழியே காற்று அசைவது பரப்பைவிட விட்டத்தையே பெரிதும் சார்ந்தது. விட்டம் பத்தில் மூன்று பங்கு அல்லவா? பலகைகள் அசையவே அசையாது என்று வைத்துக் கணக்கிட்டால் 100 ஹெர்ட்ஸ் 113 வரை ஏறும். அது இரண்டு ஃபிரெட். உண்மையில் மேற்பலகையும் பின்பலகையும் அசைவதால் ஏற்றம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 50 மில்லிமீட்டர் துளை என்றால் அதே கணக்கில் 120ஐத் தாண்டிவிடும்.

இதன் பலன் என்ன? ஆறாம் தந்தியின் திறந்த ஒலி 82 ஹெர்ட்ஸ். அதற்கும் முதல் சில ஃபிரெட்டுகளுக்கும் பெட்டி கொடுத்துவந்த தாங்கல் குறைகிறது. ஐந்தாம் தந்தியின் திறந்த ஒலி 110 ஹெர்ட்ஸ்; அதற்குத் தாங்கல் கூடுகிறது. ஆகவே “பேஸ் போய்விட்டது” என்பது சரியல்ல, “பேஸ் இடம் மாறிவிட்டது” என்பதே சரி. ஏற்கெனவே மூன்றாம் ஃபிரெட்டில் மட்டும் அண்டா போல முழங்கி எரிச்சலூட்டும் கிட்டார் ஒன்று உங்களிடம் இருந்தால், இந்த மாற்றம் நன்மையாகக்கூட முடியலாம். ஆறாம் தந்தியைத் தளர்த்தி இன்னும் கீழே சுருதி சேர்த்து வாசிப்பவருக்கு இது நட்டம்.

துளை வழியே கேட்கும் ஒலி கொஞ்சம் டப்பா போல இருக்கிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதுமாகச் சேர்ந்து மூச்சுவிடுவதோடு நிற்பதில்லை. நீளவாக்கிலும் முன்னும் பின்னும் அலைகிறது. உள்நீளம் அரை மீட்டர் என்றால் அந்த அலைவு 345 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். முதல் தந்தியின் முதல் ஃபிரெட்டுக்கு அருகில். இந்த அலைவின் அழுத்தம் பெட்டியின் இரு முனைகளிலும் மிகுதியாகவும், நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருக்கும். முகப்பு ஒலித்துளை நடுவை ஒட்டி இருப்பதால் அது வெளியே அதிகம் வருவதில்லை. பக்கத் துளையோ முனைக்கு அருகில் இருக்கிறது. அதனால் அந்த நடுத்தர ஒலி அதன் வழியே வெளிவந்துவிடுகிறது. சிலருக்கு இது குரலுக்கு நெருக்கமான இனிமை, சிலருக்கு டப்பா. எனக்குப் பாடலுக்குத் துணையாக வாசிக்கும்போது பிடிக்கிறது, தனியாக விரலால் மீட்டும்போது பிடிப்பதில்லை.

வெட்டாமலே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. வெட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது இதைச் செய்யாதவருக்கு நான் வெட்டிக் கொடுப்பதில்லை.

முதல் வழி: ஒரு வெறும் சுவரைப் பார்த்தபடி, அரை மீட்டர் தொலைவில் உட்கார்ந்து வாசியுங்கள். முன்னால் போகும் ஒலி திரும்பி உங்களிடம் வரும். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் இதற்கு மிகவும் ஏற்றது. பக்கத் துளை கொடுக்கும் அனுபவத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். பலர் இதோடு திருப்தி அடைந்து திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இரண்டாவது வழி இன்னும் நேரடியானது. மேடைக்காகச் செய்த பல கிட்டார்களில், சரியாகப் பக்கத் துளை வரவேண்டிய அதே இடத்தில்தான் ஒலிக்கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பதித்திருப்பார்கள். பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் கொண்ட அந்தக் கறுப்புப் பெட்டி சில ஆண்டுகளில் பழுதாகிக் கிடக்கும். அதன் நான்கு திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்தால், இரண்டு தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு சதுரத் திறப்பு கிடைக்கும். நண்பர் யாரிடமாவது அப்படி ஒரு கிட்டார் இல்லாமல் இருக்காது. திறப்பின் மேல் ஒரு தடித்த அட்டையை ஒட்டி வாசியுங்கள். அட்டையை எடுத்துவிட்டு வாசியுங்கள். பாதி மூடி வாசியுங்கள். என் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் நடத்துவதே அப்படி ஒரு பழைய கிட்டாரை வைத்துத்தான். பாதி மூடிய நிலையே நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலானோர் அட்டையை நகர்த்தி நகர்த்தித் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

என்ன அளவில் வெட்டலாம்?

25 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். பெரிதாக்குவது பத்து நிமிட வேலை, சிறிதாக்க முடியாது. 40ஐத் தாண்ட நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நானே வெட்டலாமா?

கை நடுக்கம் இல்லாதவர், மர வேலை பழகியவர் என்றால் செய்யலாம். முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கிட்டாரில் உள்ளே எந்தத் தாங்கலும் ஒட்டாமல் டிரில்லை வைத்தேன். பக்கப் பலகையின் தடிமன் வழக்கமாக 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான், அதன் இழை பெட்டியின் நீளவாக்கில் ஓடும். டிரில் மறுபக்கம் வெளியேறும் நொடியில் ‘டிக்’ என்று ஓர் ஒலி. துளையின் விளிம்பிலிருந்து இடுப்பு வரை மயிரிழைக் கீறல். அதை ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இன்றும் அந்தக் கோடு தெரியும்.

இப்போது நான் செய்யும் முறை இது. தந்திகளைத் தளர்த்திக் கழற்றிவிடுவேன். ஒலித்துளை வழியே சிறிய கண்ணாடியையும் விளக்கையும் விட்டு உள்ளே பார்ப்பேன்: நெக் கட்டை (நெக்கைத் தாங்கும் உள்கட்டை) எங்கே முடிகிறது, பக்கத்தில் நெடுக்குத் தாங்கல் உண்டா, ஒயர் போகிறதா. பிறகு துளையைவிட எல்லாப் பக்கமும் 15 மில்லிமீட்டர் பெரிதாக, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மரத்தகட்டை வெட்டி, பக்கப் பலகையின் இழைக்குக் குறுக்காக அதன் இழை வரும்படி உள்ளே ஒட்டுவேன். வளைவுக்கு ஏற்ப அது முன்பே வளைந்திருக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்துச் சூடான குழாயில் வளைப்பேன். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். மறுநாள் வெளியே ஒட்டுத்தாள் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் கோடு வரைந்து, சிறிய துளையில் தொடங்கி நுண்ரம்பத்தால் கோட்டுக்கு உள்ளேயே அறுப்பேன். மீதியை அரமும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். விளிம்பை உருட்டிவிட மறக்காதீர்கள். கூர் விளிம்பு கையில் படும், அங்கிருந்துதான் பிளவும் தொடங்கும்.

ஸ்டீல் தந்திகள் சுருதி சேர்த்த நிலையில் எல்லாம் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு இழுக்கின்றன. நெக் கட்டைக்கு மிக நெருக்கமாக வெட்டினால் அந்த இழுவையைத் தாங்கும் பலகையை நாமே பலவீனப்படுத்துகிறோம். நான் குறைந்தது நான்கு விரற்கடை தள்ளித்தான் வெட்டுவேன்.

ஒட்டுப்பலகையால் செய்த விலை குறைந்த கிட்டார்கள் எளிதில் பிளப்பதில்லை. ஆனாலும் உள்தகடு ஒட்டுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கிட்டார் என்றால் வெட்டியதோடு உத்தரவாதம் போய்விடும். விற்கும்போதும் விலை குறையும்.

பழைய வீட்டுப் பர்மா தேக்கை உள்தகடாகவோ, விளிம்பு வளையமாகவோ வைக்கலாமா?

ஆசையோடு கேட்பவர்கள் நிறையப் பேர். இடித்த வீட்டின் கதவுச் சட்டத் துண்டை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தாராளமாக வைக்கலாம். நூறாண்டு காய்ந்த மரம், இனி அதிகம் சுருங்காது, வளையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த உடனே பசை தடவுங்கள். இல்லையென்றால் ஒரு கோடையில் பெயர்ந்துவிடும். பாட்டன் வீட்டு நிலைக்கதவின் ஒரு துண்டு பேரன் கிட்டாரில் வளையமாக இருப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துபோகும்.

மேடையில் பிக்கப் வைத்து வாசிக்கிறேன். பயன் உண்டா?

இல்லை. பிக்கப் என்பது அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் உள்ள அது தந்தியின் அழுத்தத்தைத்தான் எடுக்கிறது. துளை அதற்குப் பெரும்பாலும் தெரியாது. வாசிப்பவரை நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் முன்னால் இருந்தால் உங்கள் ஒலி அதிலேயே கேட்கும். போதாக்குறைக்கு, ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி மீண்டும் கிட்டாரில் ஏறி ஊளையிடுவது) வராமல் இருக்க ஒலித்துளையில் ரப்பர் மூடி வைப்பவர்கள் பக்கத் துளையையும் தனியாக மூட வேண்டிவரும். தேவகோட்டை இளைஞருக்கு நான் வேண்டாம் என்றதும் இதனால்தான். அவர் ஞாயிறுதோறும் வாசிப்பது மைக்கும் ஸ்பீக்கரும் உள்ள இடத்தில்.

மைக் முன்னால் வைத்துப் பதிவு செய்பவருக்கு ஒரு சிறு வசதி உண்டு. பக்கத் துளைக்கு அருகே இரண்டாவது மைக் வைத்தால் வாசிப்பவர் கேட்கும் ஒலியும் பதிவாகும்.

இதை யார் தொடங்கினார்கள்?

ஒரே ஆளைச் சொல்வது நியாயமாகாது. கிளாசிகல் கிட்டார் செய்த அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரக், நெக்கின் இருபுறமும் மேல் வளைவில் சிறு துளைகள் வைத்துச் செய்தார். வளைந்த மேற்பலகைக் கிட்டார்களுக்குப் பெயர்பெற்ற ஜான் மான்டிலியோனியும் பக்கத் துளை வைத்திருக்கிறார். எனக்கு மிகப் பிடித்த சோதனை வயலினில் நடந்தது. கார்லீன் ஹட்சின்ஸ் என்ற அம்மையார் ஒரு வயலினின் பக்கப் பலகைகளைச் சுற்றி 65 சிறு துளைகள் இட்டு, ஒவ்வொன்றுக்கும் தக்கை வைத்து, திறந்தும் மூடியும் ஒலி எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். துளைகள் நிறைந்த பாலாடைக்கட்டியின் பெயரான ‘க்ரூயேர்’ என்பதையே அந்த வயலினுக்கு வைத்தார்கள். ஒரு வாத்தியத்தைக் கேள்வி கேட்பது எப்படி என்பதை அதில் கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏதாவது தொல்லை உண்டா?

உண்டு, சிறிதளவு. சித்திரை வெயிலில் பெட்டிக்குள் ஈரப்பதம் குறையாமல் இருக்க ஒலித்துளையில் ஈரப்பஞ்சு தொங்கவிட்டு மூடி வைப்பவர்கள், பக்கத் துளையையும் மூடினால்தான் பயன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிட்டாரை உறைக்குள்ளேயே வையுங்கள். துளை வழியே குளவி மண்கூடு கட்டிய ஒரு கிட்டாரைப் பள்ளத்தூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். சுவரில் மாட்டி ஆறு மாதம் தொடாமல் விட்டிருந்தார்.

வெட்டிய பிறகு பிடிக்கவில்லை என்றால் மூட முடியுமா?

முடியும். எளிய வழி: துளைக்குச் சரியாகப் பொருந்தும் தக்கை அல்லது மரமூடி ஒன்றைச் செய்து, விளிம்பில் மெல்லிய தோல் ஒட்டி இறுக்கமாகச் செருகுவது. உள்தகட்டில் இரண்டு சிறு காந்தங்களைப் பதித்து மூடியை ஒட்டவைத்தால் வேண்டும்போது எடுத்துவிடலாம். இறுக்கம் முக்கியம், தளர்ந்த மூடி குறிப்பிட்ட சுரங்களில் கிரீச்சிடும்.

நிரந்தரமாக அடைக்க வேண்டுமானால் அதே மரத்தில், அதே இழைப்போக்கில் ஒரு துண்டு தேடி, விளிம்பைச் சரிவாக இழைத்துப் பதிக்க வேண்டும். நான் அப்படி அடைத்த ஒரு கிட்டாரில், ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் பழைய முழக்கம் அப்படியே திரும்பி வந்தது. அதன் உரிமையாளர் ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மீண்டும் மீண்டும் அந்த ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டிருந்தார்.